மரபணுவின் ஒருமையும் வழியின் நிலையும்: ஓசூர் எல்லைக்காட்டு யானைகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஒரே இனத்தைச் சேர்ந்த இரு பிராணிக் கூட்டங்கள் மரபணுவில் வேறுபடாதிருக்கக் கண்டால், அவற்றிடையே போக்குவரத்து தடையின்றி நடந்துவருகிறது என்று முடிவு கட்டுவது ஆராய்ச்சியாளரிடையே மட்டுமன்றி வனபரிபாலனம் செய்வோரிடையேயும் வழக்கமாகிவிட்டது. இம்முடிவு முழுப்பிழை அன்று. ஆயினும் மரபணுவின் ஒருமை, கலப்பு முன்பு நிகழ்ந்தது என்பதற்குச் சாட்சியாகுமேயன்றி, இன்றும் நிகழ்கிறது என்பதற்கு நிரூபணமாகாது. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விடுவதால் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்து யானைகளுக்கு நேரக்கூடிய தீங்கு பெரிது என்பதே ஈண்டு நான் நிறுவ முற்படுவது.

மரபணுவைக் கொண்டு போக்குவரத்தை அனுமானிக்கும் முறை கடல்வாழ் பிராணிகளிடத்துப் பெரிதும் பயன்பட்டதற்குக் காரணம் வெளிப்படை. மணலில் முட்டையிட்டுவிட்டு அலைக்குள் மறையும் ஆமையைப் பின்தொடர்தல் எளிதன்று. அது சென்ற வழியைச் சந்ததியின் மரபணுவிலிருந்து அனுமானிக்க வேண்டியிருந்தது. நம் கிழக்குக் கரையின் பங்குனி ஆமைகளைக் குறித்துக் கார்த்திக் சங்கரும் ஹைதராபாத்து உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்தோரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, ஒரிஸ்ஸாவிலிருந்து தமிழகம் வரையிலான கரையின் ஆமைகளிடையே மரபணு வேறுபாடு காணப்படவில்லை என்று தெரிவித்தது. பெண் ஆமைகள் பொதுவாகத் தாம் பிறந்த கரைப்பகுதியை நாடியே முட்டையிடத் திரும்புபவை. ஆதலின் இவ்வொருமை விசேஷ கவனத்துக்கு உரியது. ஆனால், தலைமுறைதோறும் நிகழும் கலப்பினால் அது விளைந்ததா, ஒரே மூலக்கூட்டம் அண்மைக்காலத்தில் கரை நெடுகப் பரவியதால் விளைந்ததா என்பதை ஒருமை மட்டும் சொல்லிவிடாது.

கடலில் எழுந்த இந்த ஐயம் நிலத்திலும் எழுகிறது. டி. என். சி. வித்யா, பிருதிவிராஜ் பெர்னாண்டோ, டான் மெல்னிக், ராமன் சுகுமார் ஆகியோர் 2005இல் வெளியிட்ட தென்னிந்திய யானை ஆய்வு, நீலகிரி, ஆனைமலை, பெரியாறு ஆகிய மூன்று பிரதேசத்து யானைகளையும் ஒப்பிட்டது. ஆசிய யானையின் மிகப் பெரிய கூட்டமாகிய நீலகிரிக் கூட்டத்தில், தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. ஒரே ஒரு வகையாகவே இருந்தது. ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் இடத்துக்கிடம் வேறுபாடு அநேகமாக இல்லை. பாலக்காட்டுக் கணவாய்ப் புறத்தே சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளிக்கு அப்பாலுள்ள ஆனைமலை, பெரியாறு யானைகளோ தம்முள் ஒத்து, நீலகிரிக் கூட்டத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றன. நீலகிரியின் ஒருமையை விளக்க வந்த ஆசிரியர்கள், கடந்த காலத்தில் விரிவான மரபணுக் கலப்பு நிகழ்ந்திருக்க வேண்டும் என்றே எழுதினார்கள். அவர்கள் கவனமாக இட்ட அந்தக் காலவரையறையைப் பின்வந்தோர் கவனமின்றி நீக்கிவிடுகின்றனர் என்பது என் வருத்தம்.

நீலகிரிக் கூட்டம் வாழும் இந்த மாபெரும் வனத்தொடரின் வடகிழக்கு விளிம்பில் இருப்பவை தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் காடுகள். இப்பகுதியில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. மேற்கே கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா தொடர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றத் தொடங்குகையில், பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரிக்குள் நுழையும் யானைகளுள் ஒரு பகுதி தேன்கனிக்கோட்டை வழியே சானமாவு காப்புக்காட்டை அடைந்து, பேரண்டப்பள்ளி அருகே பெங்களூர், கிருஷ்ணகிரிப் பெருஞ்சாலையை இரவில் கடக்க முயல்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின் ஓசூர் ஒரு கிராமச் சந்தையின் நிலையிலிருந்து தொழில்நகரமாயிற்று. சாலை அகன்றது, வேலிகள் நெருங்கின. கடக்க முயலும் யானைகளும், பரண்மேல் கண்விழித்துப் பயிரைக் காக்கும் குடியானவர்களும் இதன் பலனை ஒருங்கே அனுபவிக்கின்றனர். இருதரப்பிலும் உயிர்கள் போகின்றன.

இந்நிலையில், மரபணு ஒன்றாகவே இருக்கிறது, ஆகவே வழி திறந்தே இருக்கிறது என்னும் வாதத்தின் பலவீனம் காலக்கணக்கில் உள்ளது. யானையின் ஒரு தலைமுறை ஏறக்குறைய 20 முதல் 25 ஆண்டு. எனவே ஓசூரின் தொழில்யுகம் முழுவதும் இரண்டே யானைத் தலைமுறைகளில் அடங்கிவிடுகிறது. இன்று வழி அடைபட்டாலும் அந்த அடைப்பு மரபணு விகிதங்களில் புலப்பட நெடுங்காலம் ஆகும். மேலும், மரபியல் அறிஞர் செவால் ரைட் 1931இல் வகுத்த கோட்பாட்டின்படி, தலைமுறைக்கு ஒரு பிராணி கூட்டம் மாறி இனவிருத்தி செய்தால்கூட இரண்டு கூட்டங்கள் வெகுவாகப் பிரிந்துவிடாமல் இருத்தல் கூடும். கால் நூற்றாண்டுக்கு ஒரு களிறு சாலையைக் கடந்து உயிர்தப்பினால் மரபணுப் பட்டியல் திருப்தியடைந்துவிடும். ஆனால் வறட்சியில் நீரையும் மேய்ச்சலையும் நாடிக் கன்றுகளோடு செல்லும் பெண்யானைக் குழுவுக்கு அந்த வழி இல்லாமலே போயிருக்கும். மரபணுவுக்குப் போதுமானது யானைக்குப் போதுமானதன்று.

இன்னும் நுட்பமான ஒரு தடையும் உண்டு. பெண்யானைகள் பிறந்த குழுவோடு தங்க, ஆண்கள் பருவமெய்தியதும் பிரிந்து திரிவதால், தாய்வழி டி.என்.ஏ.வையும் தாய், தந்தை இருவழியும் இறங்கும் மைக்ரோசாட்டிலைட் என்னும் டி.என்.ஏ. குறிகளையும் ஒப்பிட்டு இரு பாலாரின் போக்குவரத்தையும் தனித்தனியே அறிவது வழக்கம். ஆனால் நீலகிரிக் கூட்டம் முழுவதும் ஒரே தாய்வழி வகையாயிருப்பதால், ஒரு பெண்யானை ஜவளகிரியிலிருந்து எங்கே சென்றாலும் அவ்வகையில் எந்த அடையாளமும் எஞ்சாது. யாவரும் ஒரே முத்திரையைத் தரித்திருக்கும் இடத்தில் முத்திரையைக் கொண்டு வழிப்போக்கனை அடையாளம் காண முடியாது. பெண்களின் வழியைப் பற்றிய கேள்விக்கு, இவ்விடத்தில், அந்தச் சான்று முற்றிலும் மௌனமானது.

எதிர்மாறான பிழையும் நேரக்கூடும். நெடுங்காலம் யானை இல்லாதிருந்த சித்தூர்ப் பிரதேசத்துக்கு 1980களில் தமிழக, கர்நாடக எல்லைக்காடுகளிலிருந்து யானைகள் சென்று தங்கின. அவற்றின் பொருட்டே 1990இல் கௌண்டின்ய சரணாலயம் அமைந்தது. இத்தகைய சிறு குடியேற்றத்தில் சில மரபணுக்கள் தற்செயலாக அருகியும் சில பெருகியும் வருமாகையால், ஒருவர் பின்னாளில் அங்கே சிறு வேறுபாடு கண்டு, அது நெடும்பிரிவின் பயன் என்று எண்ணிவிடலாம். உண்மையில் அது ஒரு பயணத்தின் பயன்.

ஆகவே ஓசூருக்கு வேண்டியது கூட்டங்களின் சராசரி ஒற்றுமையை அளக்கும் ஆராய்ச்சியன்று, தனித்தனி யானைகளின் உறவை நிறுவும் ஆராய்ச்சியே. அதற்கான சாதனம் காலடியிலேயே கிடக்கிறது. புதிய யானைச்சாணத்தின் வெளிப்புறத்தில் குடலின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அந்த மேற்பரப்பை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்துப் பாதுகாத்தால், யானையைத் தொடாமலே அதன் மரபணு அடையாளம் கிடைக்கிறது. உருண்டையின் சுற்றளவு அதன் வயதையும் உத்தேசமாகச் சொல்லும். 2025இல் வெளியான, நாட்டில் 22,446 யானைகள் என்று மதிப்பிட்ட கணக்கெடுப்பு இம்முறையையே பிரதானமாகக் கொண்டமையால், தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

கழுத்துப்பட்டை கட்டிச் செயற்கைக்கோளால் கண்காணிப்பது போதாதா என்று கேட்கப்படலாம். பட்டை, யானை நடந்ததைச் சொல்லும். சந்ததி விட்டதைச் சொல்லாது. பெருஞ்சாலைக்கு வடக்கே காணும் கன்றின் தந்தை தெற்கே சானமாவில் அடையாளம் காணப்பட்ட களிறா என்பதை உறவாராய்ச்சி ஒன்றே காட்டும். சாலையின் இருபுறத்துச் சாணத்தையும் ராகி மாதங்களில் பல ஆண்டுகள் தொடர்ந்து சேகரித்து, பெண்யானைகளும் கன்றுகளும் இருபுறத்தும் பதிவாகின்றனவா, களிறுகள் மட்டுமே பதிவாகின்றனவா என்று பார்க்க வேண்டும். களிறுகள் மட்டுமே கடக்கின்றன என்று தெரியவந்தால், மரபணு ஒருமையைக் காட்டி வழியை மேலும் சுருக்க எவருக்கும் உரிமையில்லை. குழுக்களும் கடக்கின்றன என்று தெரியவந்தால், அவை கடக்கும் அந்த இடத்திலேயே கடவுப்பாதையும் வேலியற்ற நிலமும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும்.