கணைய நொதிகளும் நோயற்ற ஏற்றமும்: ஒரு சரித்திர ஆய்வு

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையத்திலிருந்து, வயிற்றுவலி யாதொன்றும் இல்லாமலே, வேறேதோ காரணத்துக்காகச் செய்துகொண்ட ரத்தப் பரிசோதனையில் அமிலேஸ், லைபேஸ் என்னும் கணைய நொதிகள் அளவுக்கு மிஞ்சியிருப்பதாகக் குறித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புதுச்சேரி ஜிப்மருக்குப் பஸ் ஏறும் ஒருவரை நினைத்துப் பார்ப்போமாயின், அவர் மனத்தின் கலக்கத்துக்குப் பின்னே ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் நிற்பது புலனாகும். நொதியின் ஏற்றமே கணைய வியாதியின் அடையாளம் என்ற அபிப்பிராயம் எவ்வாறு வேரூன்றிற்று, பின்னர் எவ்வாறு படிப்படியாகத் திருத்தம் பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பொருளை முளைகட்டிய பார்லியிலிருந்து பிரெஞ்சு ரசாயன அறிஞர்களான பயேனும் பெர்சோவும் 1833-இல் பிரித்தெடுத்து, அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர்; இவ்வகை நொதியே இன்று அமிலேஸ் எனப்படுகிறது. அதன் செயலை நம் அடுக்களையிலேயே காணலாம்: வடிகஞ்சியில் ஒரு துளி அயோடின் விட்டால் கஞ்சி கருநீலமாகும், அதே கஞ்சியில் முன்னதாகச் சிறிது உமிழ்நீரைக் கலந்து, வெதுவெதுப்பாகச் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு அயோடின் விட்டால் நீலம் தோன்றாது. ஜெர்மானியரான வோல்கெமுட் 1908-இல் இந்த நிறமாற்றத்தையே அளவுகோலாக்கினார்; சோதிக்க வேண்டிய திரவத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து குழாய்களில் வரிசையாக வைத்து, எந்தக் குழாய்வரை நீலம் மறைகிறதோ அதைக்கொண்டு நொதியின் வலிமையைக் கணித்தார். 1929-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து எல்மன், ஆர்னசன், கிரேம் ஆகியோர், ரத்தத்து அமிலேஸை அளப்பது கணைய வியாதியை நிர்ணயிக்க உதவும் என்று காட்டவே, பெரும்பாலும் அறுவையிலோ பிணப் பரிசோதனையிலோ உறுதிப்பட்டு வந்த கணைய அழற்சி, ஒரு குழாய் ரத்தத்தில் அகப்படலாயிற்று.

ஆயினும் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு மயக்கமும் இருந்தது. அமிலேஸ் கணையத்துக்கு மட்டும் உரியதன்று. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அதைச் சுரப்பதால், பொன்னுக்குவீங்கியிலும் அது ஏறும். சிறுநீரகம் தளர்ந்தால் வெளியேற வழியின்றித் தேங்கும். 1964-இல், இங்கிலாந்தில் வில்டிங், குக், நிக்கல்சன் ஆகியோர், அமிலேஸ் ரத்தப் புரதமாகிய குளோபுலினோடு பிணைந்து நிற்கும் நிலையை விவரித்தனர். 1967-இல் பெர்க்கும் அவர் குழுவினரும் இந்நிலைக்கு மேக்ரோஅமிலேசீமியா என்று பெயர் சூட்டினர். பிணைந்த மூலக்கூறு பருத்திருப்பதால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டாது. ஆதலால் ரத்தத்தில் ஏற்றமும் சிறுநீரில் குறைவும் ஒருங்கே காணப்படும். இங்கே மிகுந்தது சுரப்பன்று, தேக்கமே.

அதே பத்தாண்டில் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், டாக்டர் கீவர்கீஸ், கணையத்தில் கற்கள் படிந்து நீரிழிவில் முடியும் வியாதியைப் பற்றிப் பல நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1968-இல் நூலாக வெளியிட்டார். அவ்வியாதி முற்றிச் சுரப்பி அழிந்துவிட்டவர்களிடம் ரத்தத்து அமிலேஸ் இயல்பாகவோ அதற்குக் குறைவாகவோ இருக்கக்கூடும் என்பது இங்கே கருதத்தக்கது: கணையம் கெட்டும் எண் உயராதிருக்கலாம், அவ்வாறாயின் எண் உயர்ந்தும் கணையம் நலமாயிருக்கலாகாதோ?

இக்கேள்விக்கு இத்தாலியின் பொலோஞா நகரத்து மருத்துவப் பேராசிரியர் லூச்சோ குல்லோ 1996-இல் விடையளித்தார். குளோபுலின் பிணைப்போ, சிறுநீரகக் கோளாறோ இன்றி, கணையத்திலிருந்தே வரும் நொதிகள் உயர்ந்திருந்தும், வியாதி ஏதும் தென்படாதவர்களை நெடுநாள் கவனித்து, இது தீங்கற்ற தனி நிலை என்று நிறுவினார். ஒரே குடும்பத்தில் பலருக்கு, குழந்தைகளுக்கும்கூட, இது காணப்படும் என்பதையும், அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கி, சில நாள் இயல்பு நிலைக்கே திரும்பும் என்பதையும் பின்னர் வெளியிட்டார். இந்நிலை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. எனினும் ஸ்கேன் முதலிய பரிசோதனைகளில் கணையத்தில் குறையில்லை என்று கண்டு, குறைந்தது ஓராண்டு கவனித்த பின்னரே இப்பெயரைச் சூட்டுதல் முறை. ஏனெனில் நுட்பமான படப்பரிசோதனைகளில் சிலருக்குக் கணைய நாளத்தில் மாறுதல்கள் பின்னர் தென்பட்டதுண்டு.

ஆகவே, இத்தகைய சீட்டு கைக்கு வந்தவர் அதைக் கிழித்தெறியவும் வேண்டாம், அதைக் கண்டு உயிர் பதறவும் வேண்டாம். தேதிவாரியாக எல்லாச் சீட்டுகளையும் ஓர் உறையில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாளின் எண் சொல்லாததை ஓராண்டின் எண்கள் சொல்லும்.