மூழ்கிய தீவுகளும் மக்கள்தொகைக் கணக்கும்

'ஜனத்தொகை பெருகியதால்தான் கடல் கெட்டது' என்கிறார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று சொல்லட்டும், தோழர்களே.

இங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். 1974-இல் ஊர் பெருந்துறைமுகமானது. பின்னாலேயே அனல்மின் நிலையம், உரத்தொழிற்சாலை. உலைச் சாம்பல் கடலோரத்தில் படிந்தது. பக்கத்து உப்பளங்களில் கால் வெடிக்க நிற்பவர்களில் பலர் நம் சேரிப் பெண்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில். பவளப்பாறையை அளவின்றிப் பெயர்த்தெடுத்தது முக்கியக் காரணம். பெயர்த்தவர்கள் கூலிக்கு வள்ளத்தில் போன கடலோர ஏழைகள். வாங்கியவை சுண்ணாம்புக் காளவாசல்களும் கார்பைடு தொழிலும். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. கடலில் கல் எடுப்பவர் அன்றிலிருந்து குற்றவாளி. அதற்கு முன் கல்லை விற்று லாபம் பார்த்தவரை யார் கேட்டார்கள்?

ஸ்டெர்லைட் கதையும் இதே கணக்குதான். மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் மக்கள் எதிர்த்து விரட்டிய தாமிர ஆலைக்கு 1994-இல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். இங்கு ஆள் குறைவு என்றா வந்தது? இந்த ஆட்கள் எதிர்க்க மாட்டார்கள் என்று நினைத்தார்கள். 2018 மே 22 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். ஆறு நாள் கழித்துத்தான் ஆலையை மூட அரசாணை வந்தது.