பாஸ்போர்ட்டும் பிடிவாரண்டும்: ஒரு சிறு வரலாறு

வெளிநாட்டில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. "ஊரில் ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக என் மேல் வழக்கு இருக்கிறது. ஆஜராகவில்லை என்று கோர்ட் வாரண்ட் போட்டுவிட்டதாம். பாஸ்போர்ட் முடியப் போகிறது. இங்கேயே தூதரகத்தில் புதுப்பிக்க முடியுமா?"

சட்டத்தின் பதில் சுருக்கமானது. வாரண்ட் நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் கிடைப்பது கடினம். முதலில் வாரண்டை ரத்து செய்ய வேண்டும். ஆனால் இந்தப் பதில் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால்தான், அதை யாருக்கு எதிராக எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது புரியும். பாஸ்போர்ட் என்பது வெறும் பயண ஆவணம் அல்ல. யார் நாட்டை விட்டுப் போகலாம், யார் போகக்கூடாது என்று அரசு போட்ட கோடு அது. அந்தக் கோட்டில் சாதியின் கையெழுத்தும் உண்டு.

தகரத் துண்டு யாருக்கு, பாஸ்போர்ட் யாருக்கு?

நம் முன்னோர்கள் கடல் கடந்தபோது அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கவில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் கூட்டிப்போன தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பங்கு தலித் மக்கள். இலங்கை சென்றவர்களின் அடையாளம், தோட்டத்தின் எண் பொறிக்கப்பட்ட ஒரு தகரத் துண்டு. அவர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது குடிபெயர்வுச் சட்டங்கள். கூலிக்கு ஆள் தேவைப்பட்டால் வழி திறக்கும், தேவை தீர்ந்தால் மூடும்.

முதல் உலகப் போர்க் காலத்தில்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் பாஸ்போர்ட் கட்டாயமானது. 1920-ல் இந்திய பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அடுத்து வந்த 1922 குடிபெயர்வுச் சட்டம், உடலுழைப்புத் தொழிலாளர்களை அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே போக அனுமதித்தது. மதிப்பானவர்களுக்குப் பாஸ்போர்ட், கூலிகளுக்குக் குடிபெயர்வுச் சட்டம் என்று இரண்டு வாசல்கள் உருவாயின.

1947-க்குப் பிறகு இது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. 1947 முதல் 1967 வரை இந்திய அரசு யாருக்குப் பாஸ்போர்ட் தந்தது, யாருக்கு மறுத்தது என்பதை ஆவணக் காப்பகக் கோப்புகளின் வழியாக ஆராய்ந்திருக்கிறார் வரலாற்றாய்வாளர் காளத்மிகா நடராஜன். அந்த ஆண்டுகளில் பாஸ்போர்ட் குடிமக்களின் உரிமையாக இல்லை, அதிகாரிகள் தரும் சலுகையாக இருந்தது. படிப்பில்லாதவர்களும் உடலுழைப்பாளர்களும் வெளிநாடு போனால் நாட்டின் கௌரவம் கெடும் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் இருந்தது. அந்தக் 'கௌரவம்' யாருடைய உடலைக் கண்டு கூசியது என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கூலி என்ற சொல்லோடு சாதியும் சேர்ந்தே பயணம் செய்தது.

1967: உரிமை வந்தது, கூடவே நிபந்தனையும்

இந்த நிலையை மாற்றியது ஒரு தொழிலதிபரின் வழக்கு. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற ஏற்றுமதி இறக்குமதி வணிகரிடம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னது அரசு. அவர் உச்ச நீதிமன்றம் போனார். பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் எங்கள் விருப்பம் என்று அரசு வாதிட்டது. 1967 ஏப்ரலில், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றது.

சட்டம் இல்லையா, இதோ சட்டம் என்று அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1967 ஜூனில் அது பாஸ்போர்ட் சட்டமானது. இன்றும் நம்மை ஆள்வது அதுதான். நமக்கு முக்கியமானவை அதில் இரண்டு பிரிவுகள்.

பிரிவு 6(2), எந்தக் காரணங்களுக்காகப் பாஸ்போர்ட்டை மறுக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது அதில் ஒன்று. சம்மனோ பிடிவாரண்டோ பிறப்பிக்கப்பட்டிருப்பது இன்னொன்று. பிரிவு 10(3), ஏற்கெனவே கையில் உள்ள பாஸ்போர்ட்டை எப்போது முடக்கலாம், ரத்து செய்யலாம் என்று சொல்கிறது. அங்கேயும் வாரண்ட் ஒரு காரணம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கையில் உள்ளதைப் பறிப்பது குறித்துச் சட்டம் 'பறிக்கலாம்' என்கிறது. புதிதாகத் தருவது குறித்து 'மறுக்க வேண்டும்' என்கிறது. அதனால்தான் வாரண்ட் இருப்பதே தெரியாமல் ஒருவர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் நிம்மதியாக இருக்க முடிகிறது. பத்தாண்டுக் காலம் முடிந்து புதுப்பிக்கப் போகும் நாளில் அது அவர் கழுத்தைப் பிடிக்கிறது.

1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் 'பொதுநலன்' என்று மட்டும் சொல்லி அரசு முடக்கியது. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவர் உரிமையைப் பறிக்கக் கூடாது, சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதன் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. உரிமையை வாங்கித் தந்த இரண்டு வழக்குகளில் ஒன்று தொழிலதிபருடையது, மற்றொன்று முன்னாள் பிரதமரின் மருமகளுடையது. பாஸ்போர்ட்டே மறுக்கப்பட்ட கூலித் தொழிலாளியின் பெயர் இந்தத் தீர்ப்புகளில் இல்லை. ஆனாலும் அவை நமக்கும் சொந்தம். எடுத்துப் பயன்படுத்த வேண்டியது நம் வேலை.

கொடியங்குளமும் கூடங்குளமும்

1995 ஆகஸ்ட் 31. தென்மாவட்டத்தில் உள்ள கொடியங்குளம் என்ற தலித் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் மெல்லத் தலைநிமிர்ந்த ஊர் அது. தொலைக்காட்சிப் பெட்டிகளையும் தையல் எந்திரங்களையும் உடைத்தார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். துணிமணிகளோடு, படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் குவித்துக் கொளுத்தினார்கள்.

எதைக் கொளுத்தினால் அந்த ஊர் மறுபடியும் பண்ணைக் கூலிக்குத் திரும்பும் என்று தெரிந்தே கொளுத்தியது போல் இருக்கிறது இந்தப் பட்டியல். சான்றிதழ் உள்ளூரில் மேலே ஏறுவதற்கான படி, பாஸ்போர்ட் ஊரைத் தாண்டுவதற்கான படி.

இன்று அப்படித் தீ வைக்க வேண்டியதில்லை. வழக்கு போதும். கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. போராட்டக் குழுவை வழிநடத்திய சுப. உதயகுமாரின் பாஸ்போர்ட் முடக்கப்பட்டது. போராட்டக்காரர்கள் மீதான குற்றவியல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. கடலோரத்து இளைஞனுக்கு வழக்கின் தண்டனை தீர்ப்பில் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவன் அதை அனுபவித்தான்.

வாரண்ட் எப்படிப் பிறக்கிறது?

ஓர் உதாரணம். சுடுகாட்டுப் பாதை கேட்டு ஒரு சாலை மறியல். முப்பது பேர் மீது முதல் தகவல் அறிக்கை. மாலையில் மண்டபத்திலிருந்து விட்டுவிடுகிறார்கள், எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துக் குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு எண் விழுகிறது. அதற்குள் முப்பது பேரில் ஒருவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார்.

சம்மன் யார் மூலம் போகிறது? பெரும்பாலும், வழக்குப் போட்ட அதே காவல் நிலையத்தின் மூலம். காலனி வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் 'முகவரியில் இல்லை' என்று திரும்புகிறது. அடுத்து ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட். சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், கடைசியாகத்தான் இது என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும் என்று 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டுக்கட்டாக வழக்குகள் நகரும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அந்த வரிசைக்கு நேரம் இருப்பதில்லை. இப்படி, ஓடிப்போகாத ஒருவர் காகிதத்தில் தலைமறைவுக் குற்றவாளி ஆகிறார். வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, அல்லது நிறைவேற்றப்படும்வரை அது உயிரோடு இருக்கும்.

1993-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வழக்கு நிலுவையில் உள்ளவர்கள், நாட்டை விட்டுப் புறப்பட அனுமதிக்கும் நீதிமன்ற உத்தரவைக் காட்டினால் பாஸ்போர்ட் பெறலாம். உத்தரவில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, இது நிலுவை வழக்குக்கு மட்டுமே விலக்கு, வாரண்டுக்கு அல்ல. இரண்டு, 'புறப்பட அனுமதி' என்ற சொல்லே, ஏற்கெனவே புறப்பட்டுப் போய்விட்டவரை நினைத்து எழுதப்படவில்லை. புதுப்பிக்க மறுக்கும் தூதரகம் அவருக்குக் காட்டும் வழி பெரும்பாலும் அவசரச் சான்றிதழ். ஊர் திரும்ப மட்டும் செல்லும் ஒருவழிச் சீட்டு. படிப்பும் வேலையும் விசாவும் அங்கேயே கிடக்கும்.

அப்படியானால் இந்தப் பிரிவையே நீக்கச் சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம், தோழர்களே. வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் விமானம் ஏறிவிட்டால் அவன் பாஸ்போர்ட்டை முடக்கச் சொல்லி மனுப் போடப்போவது நாம்தான். அப்போது நம் கையில் இருக்கும் ஆயுதமும் பிரிவு 10(3)தான்.

கோளாறு சட்டம் விழும் இடத்தில் இருக்கிறது. 2016-ல் விஜய் மல்லையா மீது பிடிவாரண்ட் பிறப்பிக்கப்பட்டது, பாஸ்போர்ட் ரத்தானது. அவர் லண்டனிலேயே இருந்தார். லலித் மோடியின் பாஸ்போர்ட் 2011-ல் ரத்தானது, 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். பணம் உள்ளவருக்கு வாரண்ட் ஒரு வழக்குச் செலவு. உதவித்தொகையில் படிக்கிற மாணவிக்கு அதுவே வாழ்க்கையின் முற்றுப்புள்ளி.

எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். சம்மன் உண்மையிலேயே கையில் கிடைத்தும் வராதவரையும், சம்மனே கிடைக்காதவரையும் பாஸ்போர்ட் அலுவலகம் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் காணொலி மூலம் ஆஜராகி வாரண்டை ரத்து செய்ய வழி வேண்டும். போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசுகள் அறிவித்தால், அது நீதிமன்றப் பதிவேட்டிலும் காவல் துறைப் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை

போராட்டத்தில் கைதானால், முதல் தகவல் அறிக்கையின் எண், காவல் நிலையம், ஆண்டு மூன்றையும் குறித்து வையுங்கள். நாட்டை விட்டுப் போகும் முன் இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வெறும் முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்தால் அது 'நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு' ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதைக் காட்டி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது பாஸ்போர்ட் சட்டம் தரும் உரிமை. மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது.

தடையுத்தரவை மீறியதாகப் பழைய 188-ஆவது பிரிவில் போடப்பட்ட வழக்கு என்றால், 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் தந்த தீர்ப்பை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அந்தப் பிரிவில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது என்று சொல்லிப் பல வழக்குகளை ரத்து செய்த தீர்ப்பு அது.

வாரண்ட் வந்துவிட்டால், முதல் வேலை அதைப் பிறப்பித்த நீதிமன்றத்தில் ரத்து மனு. வக்காலத்தில் அங்கிருந்தே கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். நேரில் வந்தால்தான் ஆயிற்று என்று கீழமை நீதிமன்றம் சொன்னால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வாரண்ட் ரத்தான பிறகு, பாஸ்போர்ட் புதுப்பிக்க ஆட்சேபம் இல்லை என்ற உத்தரவைக் கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஓராண்டுதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று பொய் எழுதாதீர்கள். தெரிந்தே மறைப்பது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றம். போராட்ட வழக்கில் நிற்பவருக்கு ஒரு பெருமை இருக்கிறது. பொய் சொன்ன வழக்கில் நிற்பவருக்கு அது இல்லை.

இரட்டைமலை சீனிவாசன் பாஸ்போர்ட் கட்டாயமாகாத காலத்தில் கப்பலேறித் தென்னாப்பிரிக்கா போனார். 1921-ல் ஊர் திரும்பி, சட்டமன்றத்தில் உட்கார்ந்து, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வெளியே போனவர்கள் ஊருக்கு எதைக் கொண்டு திரும்புவார்கள் என்பது ஆதிக்கச் சாதிகளுக்கு நன்றாகத் தெரியும். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை நாம் காக்க வேண்டியது அதற்காகத்தான். போராட்டத்துக்கு ஆள் சேர்க்கும் அன்றே வழக்கைக் கவனிக்கவும் ஓர் ஆளை நியமியுங்கள்.