அழைப்பு நிறுத்திவைப்பு

அழைப்பு நிறுத்திவைப்பு என்பது அலுவலகத் தொலைபேசி இணைப்பகங்களில் காணப்படும் ஒரு வசதி ஆகும். ஒரு தொலைபேசியில் பெற்ற அழைப்பை இணைப்பகத்தின் பொதுவான ஓர் எண்ணில் நிறுத்திவிட்டு, அதே அலுவலகத்தின் வேறு எந்தத் தொலைபேசியிலிருந்தும் அந்த எண்ணை அழுத்தி உரையாடலைத் தொடர இது உதவுகிறது. பேச்சு வழக்கில் இது ‘கால் பார்க்கிங்’ எனப்படுகிறது. வண்டியைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு இட எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதற்கு இதனை ஒப்பிடலாம். அழைப்பு நிற்கும் பொது எண் ‘நிறுத்திடம்’ என இக்கட்டுரையில் குறிக்கப்படுகிறது.

பிற வசதிகளிலிருந்து வேறுபாடு

அழைப்பைக் காத்திருப்பில் வைத்தால், பொதுவாக அது வைத்த தொலைபேசிக்கே உரியதாக இருக்கும்; அதே கருவியில்தான் மீண்டும் எடுக்க இயலும். அழைப்பை வேறொருவருக்கு மாற்றுவதாயின், அவர் எந்த உள்ளிணைப்பில் இருக்கிறார் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். நிறுத்திவைப்பில் இவ்விரண்டும் தேவையில்லை. அழைப்பு எந்தத் தொலைபேசிக்கும் உரியதாகாமல் இணைப்பகத்திலேயே நிற்கிறது. இவ்வசதியின் பயன் இதுவே. இதன் குறையும் இதுவே. எவருக்கும் உரியதல்லாத அழைப்பை எவரும் மறந்துவிடக்கூடும்.

எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டம் சிவகிரியில் ஓர் அரிசி ஆலை இருப்பதாகக் கொள்வோம். முன்னறை, கணக்கர் அறை, எடைமேடை, கிடங்கு ஆகிய நான்கு இடங்களிலும் மேசைத் தொலைபேசிகள் உள்ளன. நெல் வணிகர் ஒருவர் உரிமையாளரை அழைக்கிறார். உரிமையாளரோ எடைமேடைக்கும் கிடங்குக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறார். முன்னறையில் இருப்பவர் அழைப்பை நிறுத்திவைக்கிறார். இணைப்பகம் ‘701’ என அறிவிக்கிறது. அவர் ஒலிபெருக்கியில், “ஐயா, 701-இல் அழைப்பு” என்கிறார். உரிமையாளர் அருகிலுள்ள தொலைபேசியில் 701 அழுத்திப் பேசுகிறார்.

வரலாறு

இந்தியாவில் வாடிக்கையாளர் இடத்தில் நிறுவப்படும் தொலைபேசிக் கருவிகளைத் தனியார் தயாரிக்க 1984 ஆம் ஆண்டில் வழி திறக்கப்பட்டது. அதன் பின்னர் ‘இபிஏபிஎக்ஸ்’ எனப்படும் மின்னணு இணைப்பகங்கள் சிறு அலுவலகங்களிலும் பரவின. 1999 இல் மார்க் ஸ்பென்சர் என்னும் அமெரிக்க மாணவர், வணிக இணைப்பகத்தின் விலை தமக்குக் கட்டுப்படியாகாததால், ஆஸ்டரிஸ்க் என்னும் திறமூல இணைப்பக மென்பொருளை எழுதத் தொடங்கினார். சாதாரணக் கணினியையே இணைப்பகமாக்கும் இம்மென்பொருளில் நிறுத்திவைப்பு வசதியும் உண்டு. 2013 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பில் இவ்வசதி தனிக் கூறாக மாற்றி எழுதப்பட்டது.

இணையவழித் தொலைபேசிகளுக்கு அடிப்படையான ‘சிப்’ நெறிமுறையில் நிறுத்திவைப்புக்கெனத் தனிக் கட்டளை இல்லை. அழைப்பை வேறிடத்துக்கு அனுப்புதல், நடப்பிலுள்ள அழைப்பின் ஒரு முனையை மாற்றுதல் முதலிய வேறு கட்டளைகளைச் சேர்த்தே இது நிகழ்த்தப்படுகிறது. 2008 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5359 ஆவணம் இதற்கான எடுத்துக்காட்டைத் தருகிறது.

அமைக்கும் முறை

இணைப்பகத்துக்கு இணைப்பகம் திரைகளும் பெயர்களும் மாறினும், தீர்மானிக்க வேண்டியவை பொதுவானவை.

1. எண்கள்: நிறுத்துவதற்கு ஓர் எண்ணும், நிறுத்திடங்களுக்கு ஒரு வரிசையும் தேவை. ஆஸ்டரிஸ்கின் மாதிரி அமைப்புக் கோப்பில் இவை முறையே 700 எனவும் 701 முதல் 720 வரை எனவும் உள்ளன. இவ்வெண்கள் உள்ளிணைப்பு எண்களோடு மோதக்கூடாது. 100, 101, 108, 112 ஆகிய அவசர எண்களை நிறுத்திடமாக ஒருபோதும் வைக்கக்கூடாது. அவ்வாறு வைத்தால் 108 அழுத்துபவருக்கு அவசர ஊர்தி சேவை கிடைக்காது. இந்தியக் கைப்பேசி எண்கள் சில 7 இல் தொடங்குவதால், முன்னொட்டு இன்றி வெளியே அழைக்கும் அலுவலகங்களில் 701 போன்ற எண்களும் குழப்பம் தரலாம். வெளி அழைப்புக்கு முதலில் 0 அழுத்தும் அலுவலகங்களில் இச்சிக்கல் எழாது.

2. திரும்பும் நேரம்: குறித்த நேரத்துக்குள் எவரும் எடுக்காவிடில், அழைப்பு நிறுத்தியவரிடமே திரும்பி ஒலிக்க வேண்டும். இயல்பான அளவு ஆஸ்டரிஸ்கில் 45 நொடி. சிஸ்கோவின் அழைப்பு மேலாண்மை மென்பொருளில் 60 நொடி. நிறுத்தியவரும் இருக்கையில் இல்லையெனில் அழைப்பு எங்கே செல்ல வேண்டும் என்பதையும் முன்னரே குறித்தல் நன்று.

3. காத்திருப்பு இசை: முழு அமைதி நிலவினால் இணைப்பு அறுந்துவிட்டதாக எண்ணி மறுமுனையில் இருப்பவர் துண்டித்துவிடுவார்.

4. எண் ஒதுக்கும் முறை: எப்போதும் முதலில் காலியாக உள்ள இடத்தைத் தருவது ஒரு முறை; வரிசையில் அடுத்த இடத்தைத் தருவது மற்றொரு முறை. முதல் முறையில், காலியான 701 உடனே வேறோர் அழைப்புக்குத் தரப்படலாம். அறிவிப்பைக் கேட்டுத் தாமதமாக வருபவர் அந்நியர் ஒருவரிடம் பேச நேரிடும். கணக்கு, நோய் முதலிய தனிப்பட்ட செய்திகள் பேசப்படும் இடங்களில் இரண்டாம் முறையே பாதுகாப்பானது.

5. விளக்குப் பொத்தான்கள்: மேசைத் தொலைபேசியின் பொத்தான் ஒவ்வொன்றையும் ஒரு நிறுத்திடத்துக்கு ஒதுக்கலாம். அழைப்பு நிற்கும்போது விளக்கு எரியும், எடுத்ததும் அணையும். எண்ணை நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதோடு, ஒருவர் காத்திருக்கிறார் என்பதையும் அனைவரும் காண்பர்.

6. உரிமை: நிறுத்தவும் மாற்றவும் அலுவலகத்தில் இருப்பவருக்கு மட்டுமே உரிமை தரவேண்டும். வெளியிலிருந்து அழைப்பவருக்கும் இவ்வுரிமை கிடைத்தால், பிறரின் அழைப்பை எடுக்கவோ, அலுவலகத்தின் செலவில் வேறிடத்துக்குப் பேசவோ அவரால் இயலும்.

கவனிக்க வேண்டியவை

* நிறுத்திட எண்ணைக் கேட்டறியும் முன் ரிசீவரை வைத்தல் கூடாது. வைத்தபின் எண்ணை அறிய விளக்கோ திரையோ இல்லாத கருவிகளில், அழைப்பு திரும்பி வரும்வரை காத்திருக்க நேரிடும்.
* நிறுத்திவைத்த அழைப்பும் நடப்பிலுள்ள அழைப்பே. அழைத்தவருக்கு நிமிடக் கட்டணம் உண்டெனில் அது ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு வெளித்தடமும் பிடிபட்டிருக்கும். இரண்டே வெளித்தடங்கள் உள்ள அலுவலகத்தில் இரண்டு அழைப்புகளை நிறுத்தினால், மூன்றாவதாக அழைப்பவருக்குத் தடம் கிடைக்காது. எனவே வெளித்தடங்களின் எண்ணிக்கையைவிட மிகுதியான நிறுத்திடங்கள் வெளி அழைப்புகளுக்குப் பயன்படா.
* அமைத்த பின்னர் ஓர் அழைப்பை வேண்டுமென்றே நிறுத்தி, எவரும் எடுக்காமல் விட்டு, அது எங்கே திரும்புகிறது எனச் சோதிக்க வேண்டும். நிறுத்துவதையும் எடுப்பதையும் மட்டும் சோதித்தால், மறக்கப்பட்ட அழைப்புக்கு என்ன நேர்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

இவற்றையும் பார்க்கவும்

* தொலைபேசி இணைப்பகம்
* இணையவழித் தொலைபேசி
* திறமூல மென்பொருள்