நடுவர் விலகிய பாதை: இந்தியாவில் துணைக் காவலர் முறையின் வளர்ச்சி

பொதுமக்களுள் சிலரைத் தெரிந்தெடுத்துக் காவலரின் அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கும் வழக்கம் இந்தியச் சட்டத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. அந்த அதிகாரம் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே இன்றும் இருக்கிறது. அதற்குக் கரை கட்டியிருந்த நிபந்தனைகள்தாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1861-ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் இதற்கு மூன்று பிரிவுகள் உண்டு. கலகம் நடந்திருந்தாலோ, நடக்கும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தாலோ, இருக்கும் காவலர்கள் போதவில்லை என்றால் அவ்வட்டாரத்தில் குடியிருப்போரைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக நியமிக்கலாம் என்கிறது 17-ஆம் பிரிவு. காவல்துறை தானாக நியமித்துக்கொள்ள முடியாது. ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் அருகிலுள்ள குற்றவியல் நடுவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள் என்பதை விண்ணப்பிக்கும் அலுவலர் குறிப்பிடுவார்; மறுக்கக் காரணம் காணாவிட்டால் நடுவர் அதன்படி நியமிப்பார். நியமிக்கப்பட்டவருக்கு வழக்கமான காவலரின் அதிகாரம், பாதுகாப்பு, கடமை, தண்டனை அனைத்தும் பொருந்தும் என்பது 18-ஆம் பிரிவு. மறுப்பவருக்கு 50 ரூபாய் வரை அபராதம் என்பது 19-ஆம் பிரிவு. கம்பெனிச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாயாக இருந்த காலத்தை ஒட்டி வந்த சட்டம் இது. அந்த அபராதத்தின் கனத்தை இதைக்கொண்டு அளக்கலாம்.

ஆகவே இது விருப்பப் பணியாகத் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் 1831-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. அங்கும் கலக அச்சம்தான் நியமனத்துக்கு அடிப்படை. ஆனால் குடியேற்ற நாட்டில் இதே ஏற்பாடு வேறு வேலைக்கும் பயன்பட்டது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தின்போது, ரங்கப்பூரில் அவ்வியக்கத்தின் முன்னணியினரையே சிறப்புக் காவலர்களாக நியமித்தார்கள். அவர்கள் மறுத்தபோது வழக்குத் தொடர்ந்தார்கள். எதிர்ப்பவரை இழிவுபடுத்தவும் தண்டிக்கவும் அச்சட்டம் இப்படிக் கைகொடுத்தது. நடுவர் இருந்தும் இது நடந்தது என்பதை மறக்கக் கூடாது. நிர்வாகத்தின் கைக்குள் இருந்த நடுவர் முழுமையான காப்பு அல்ல. ஆனாலும் உத்தரவு எழுத்தில் இருந்தது. அதை மேல்நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லவும் முடிந்தது.

விருப்பப் பணி என்ற கருத்து நிலைபெற்றது 1946-இல்தான். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று, வகுப்புக் கலவரங்களின் நடுவே, பம்பாய் மாகாணத்தில் ஊர்க்காவல் படை தொடங்கப்பட்டது. மாகாண உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாய். மறு ஆண்டே அதற்குத் தனிச் சட்டம் வந்தது. விரும்பி வருவோரைச் சேர்த்து, கவாத்துப் பயிற்சி கொடுத்து, சீருடை அணிவித்து, தேவைப்படும்போது பணிக்கு அழைப்பது என்பது அதன் முறை. கட்டாயம் நீங்கியது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. அண்டை வீட்டார் அண்டை வீட்டாரை வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் அமைதிகாக்க முன்வந்தவர்கள் அவர்கள். ஆனால் அதே மாற்றத்தில் மற்றொன்றும் நடந்தது. நடுவர் விலகினார். சேர்ப்பதும் அழைப்பதும் படைத் தலைவர், காவல்துறை ஆகியோரின் வேலையாயின. அழைக்கப்பட்ட நேரத்தில் காவலருக்குரிய அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு என்ற பழைய 18-ஆம் பிரிவின் உள்ளடக்கம் மட்டும் புதிய சட்டத்திலும் தொடர்ந்தது.

1962-இல் சீனப் போர் வந்தது. மாநிலங்களில் தனித்தனியே இருந்த தன்னார்வ அமைப்புகளை ஒரே சீரான ஊர்க்காவல் படையாக இணைக்குமாறு மத்திய அரசு அறிவுறுத்தியது. சென்னை மாநிலச் சட்டம் 1963-இல் பிறந்தது. தமிழ்நாட்டில் இன்றும் அதுவே நடப்பில் உள்ளது. போர்க்கால நோக்கம் விரைவிலேயே பின்னுக்குப் போனது. தேர்த் திருவிழா, கட்சி மாநாடு, தேர்தல் பந்தோபஸ்து, போக்குவரத்துச் சந்திப்பு, இரவு ரோந்து, வெள்ள மீட்பு என்று ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. கடலோரப் பாதுகாப்புக்கு மீனவ இளைஞர்களையும் இப்படையில் சேர்த்தார்கள். கலக அச்சம் என்ற நிபந்தனையும், அதற்கு விதித்திருந்த கால வரையறையும் இவ்வாறு நடைமுறையில் மறைந்தன.

எந்தச் சட்டத் தகுதியும் இல்லாத இன்னொரு வகையும் தமிழகத்தில் உருவானது. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் குழு, மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே பாலமாக இருக்க விரும்பியது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்தோடு ஒட்டியிருந்த தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது. அவர்கள் தம் உறுப்பினர்கள் அல்லர் என்று குழுவின் தரப்பு மறுத்தது. ஜூலையில் அரசு குழுவைத் தடை செய்தது. ஒரு காவல் நிலையத்தின் உள்ளே யார், எந்த உத்தரவின் பேரில் இருந்தார் என்ற எளிய கேள்விக்கு ஒரு தாள்கூட விடையாக இல்லாத நிலையை நான் அச்சத்தோடு பார்க்கிறேன். நியமன ஆணை என்ற ஒன்றைக் குடியேற்ற அரசுகூடக் கைவிட்டதில்லை.

இந்தப் போக்கின் கடைக்கோடி சத்தீஸ்கரில் தெரிந்தது. 2005-இல் சல்வா ஜுடும் என்ற இயக்கம் எழுந்த பிறகு, மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறப்புக் காவல் அலுவலர்கள் ஆக்கப்பட்டனர். மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுக் காவல் சட்டம், எந்த நேரத்திலும் எந்த நபரையும் நியமிக்கக் காவல் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் தந்தது. கலகம் நடந்திருக்க வேண்டியதில்லை, நடுவரும் தேவையில்லை. மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய், ஐந்தாம் வகுப்புப் படிப்பு, இரண்டு மாதப் பயிற்சி, கையில் துப்பாக்கி. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட நந்தினி சுந்தர் வழக்கில் 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி. சுதர்சன் ரெட்டி, எஸ். எஸ். நிஜ்ஜார் அமர்வு இந்த ஏற்பாட்டை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வழக்கமான படையினரைவிட இவர்கள் அதிக விகிதத்தில் உயிரிழந்ததையும் நீதிமன்றம் கவனித்தது. பேரிடர் உதவி, போக்குவரத்து ஒழுங்கு போன்ற பணிகளுக்கு இவர்களைப் பயன்படுத்தத் தடையில்லை என்றது. துணைக் காவலரை எதற்கு அழைக்கலாம், எதற்கு அழைக்கக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகக் கோடு போட்ட வேறு ஆவணம் இந்த வரலாற்றில் இல்லை என்பேன். ஆனால் அதே ஆண்டு சத்தீஸ்கர் அரசு துணை ஆயுதக் காவல் படைக்குத் தனிச் சட்டம் இயற்றி, அவர்களை அதில் சேர்த்துக்கொண்டது.

தமிழ்நாடு 2013-இல் வேறொரு வழியைத் தேடியது. சிறப்புக் காவல் இளைஞர் படைக்குச் சட்டம் இயற்றி, 10,500 பேரை மாதம் 7,500 ரூபாயில் எடுக்க முடிவு செய்தது. ஓராண்டுப் பணிக்குப்பின் இரண்டாம் நிலைக் காவலராகும் வாய்ப்பும் தந்தது. எதிர்காலம் ஒன்றைக் காட்டியதால் இதை நேர்மையான ஏற்பாடாகக் கருதுகிறேன். ஊர்க்காவல் படையினருக்கு அப்படி எதுவும் இல்லை.

அவர்களின் ஊதியக் கேள்வி 2015 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. இமாசலப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் படையினர் தொடுத்த வழக்கில், பணி நிரந்தரம் கோர அவர்களுக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், 30 நாட்களுக்கான பணிப்படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக வரும்படி நாள்படியை நிர்ணயிக்க உத்தரவிட்டது. மாதத்தில் எத்தனை நாள் பணி தர வேண்டும் என்பதைத் தீர்ப்பு கட்டாயமாக்கவில்லை. தமிழ்நாட்டில் நாள்படி 560 ரூபாயாக உயர்ந்தது. பணி மாதத்துக்கு 5 நாட்களாகச் சுருங்கியது. கைக்கு வந்தது 2,800 ரூபாய். நாள்படி ஏறியும் குடும்பம் நடத்த வழியில்லாமல் போனவர்கள், சட்டமன்றத்தில் தங்கள் பேச்சு எழுமா என்று காத்திருந்தார்கள்.

1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதாக இருந்தால் இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டும். முதலாவது, குறைந்தபட்சப் பணி நாட்களைச் சட்டத்திலேயே எழுதுவது. இரண்டாவது, திருவிழாவுக்கும் போக்குவரத்துக்கும் அப்பால் கைது, விசாரணை போன்ற பணிகளுக்கு ஒருவரை அனுப்பும்போது, அதற்கு நடுவரின் எழுத்து ஆணையைக் கட்டாயமாக்குவது.