குளத்தங்கரைப் பூங்காக்கள்: கொல்கத்தாவின் நகரமைப்பு வரலாறு

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில், வெள்ளம் காலங்காலமாக ஒதுக்கிய வண்டலால் உயர்ந்த மேட்டில் அமைந்திருப்பதால், அங்கே தரை ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கேயுள்ள உவர்நீர்ச் சதுப்பை நோக்கித் தாழ்கிறது. இத்தகைய நிலத்தில் வீடு கட்டுபவர் முதலில் ஒரு குளத்தை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மனையை உயர்த்திக்கொள்வது வங்கக் கிராமங்களின் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் நீரைத் தேக்கவே குளம் வெட்டினார்கள் என்றால், வங்கத்தில் மண்ணுக்காகவும் வெட்டினார்கள். நகரத்துப் பூங்காக்கள் பல இந்த வழக்கத்தின் வழிவந்தவை. மைதானம் இதற்கு விலக்கு. பிளாசிப் போருக்குப் பின் எழுந்த புதிய வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்கு மறைப்பு கூடாதென்று கோவிந்தபூர் கிராமத்தையே அகற்றி வெட்டவெளியாக்கிய இடம் அது.

முறையான நகரமைப்பு 1817இல் உருவான லாட்டரிக் குழுவுடன் தொடங்கியது எனலாம். பரிசுச்சீட்டு விற்ற பணத்தில் பரிசும் செலவும் போக எஞ்சியதைக் கொண்டு நகரைச் சீரமைப்பதே அக்குழுவின் பணி. வரி விதிக்கத் தயங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, சூதாட்டத்தில் சாலை போடத் தயங்கவில்லை. கார்ன்வாலிஸ், காலேஜ், வெல்லிங்டன், வெல்லெஸ்லி என்னும் தெருக்கள் வடக்கிலிருந்து தெற்காக ஒன்றன்பின் ஒன்றாய் நீண்டன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நடுவே குளம் கொண்ட சதுக்கம், அதாவது நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த திறந்தவெளி, அமைக்கப்பட்டது. குழாய்நீர் வராத அந்நாளில் குளமே முதன்மை, சுற்றியிருந்த புல்தரை அதன் கரை மட்டுமே. மக்கள் கோல்திகி என்றழைக்கும் காலேஜ் சதுக்கத்துக் குளமும், ஹெதுவா என்னும் கார்ன்வாலிஸ் சதுக்கத்துக் குளமும் பின்னர் நீச்சல் பழகும் இடங்களாயின. இவ்வாறு பணம் திரட்டுவது முறையன்று என இங்கிலாந்தில் எதிர்ப்பு வலுக்கவே, குழு 1836இல் முடிவுக்கு வந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் நகரின் நெரிசலை அம்பலப்படுத்த, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலான குடியிருப்புகளை இடித்துச் சாலை திறந்த அதே அமைப்பு, 1920களில் தெற்கே 192 ஏக்கர் சதுப்புக்காட்டைக் கையகப்படுத்திப் பெரிய ஏரியொன்றை வெட்டியது. சுற்றுப்புறத் தாழ்நிலங்களை மேடாக்கிக் குடியிருப்பாக்க மண் வேண்டும் என்பதே நோக்கம். கிராமத்தான் தன் மனைக்குச் செய்ததையே அறக்கட்டளை ஒரு புறநகருக்குச் செய்தது. மண் எடுத்த பள்ளம் தாக்குரியா ஏரியாகி, படகுக் கழகங்களையும் மரநிழலையும் பெற்று, 1958இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் மாறியது.

அடுத்த தலைமுறையில் இக்கணக்குத் தலைகீழானது. மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முயற்சியால், கிழக்கேயுள்ள உவர்நீர்ச் சதுப்பில் புதிய குடியிருப்பு நகர் அமைக்க 1962இல் தொடங்கிய சால்ட் லேக் திட்டத்தில், ஹூக்ளியில் தூர்வாரிய வண்டல் நீருடன் கலந்து குழாய்கள் வழியே கிழக்கே செலுத்தப்பட்டு, மீன் வளர்க்கும் பேரிகள் என்னும் பரந்த நீர்நிலைகள் தூர்க்கப்பட்டன. யூகோஸ்லாவிய வல்லுநர் டோப்ரிவோயே டோஷ்கோவிச் வகுத்த வரைபடத்தில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் பூங்கா உண்டு. ஆயினும் நகரத்துக் கழிவுநீரை வாங்கி மீனாக்கித் தந்துகொண்டிருந்த நீர்ப்பரப்பின் ஒரு பகுதி அதற்கு விலையாயிற்று. எஞ்சிய கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள், சுமார் 12,500 ஹெக்டேர், 2002இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன.