முதலூர்

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் வட்டத்திலுள்ள ஊர். திருநெல்வேலிச் சீமையின் முதல் புராட்டஸ்டன்ட் குடியிருப்பாக 1799இல் உருவானது. பெயரும் அதனால் வந்ததே. கிறிஸ்தவரானதற்காக விரட்டப்பட்ட குடும்பங்களை டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் இங்கே குடியமர்த்தினார்.

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் 40 ஆண்டு வனாந்தரத்தில் அலைந்ததாக விவிலியம் சொல்கிறது. விரட்டப்பட்டு வந்த முதலூர்க் குடும்பங்களுக்கு அந்தக் கதையைத் தங்கள் கதையாகவே கேட்க எல்லா நியாயமும் இருந்தது. இவர்கள் வாழ்ந்த வட்டாரமும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் நாடு. சாகுபுரத்து உப்பளங்களைத் தாண்டித் தென்மேற்கே போனால் குதிரைமொழித் தேரி தொடங்கும். இரும்புச் சத்தால் சிவந்த மணல், பனை, உடைமரம். ஆடிக் காற்றில் மணல் எழும்பி மேடு இடம் மாறும். நேற்றைய காலடித் தடம் இன்று இருக்காது. ஆனால் தேரி வறண்ட நிலமல்ல. பெய்த மழையை மணல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே அது சுனையாக ஊறுகிறது. கோடையில் பனை பதநீர் தரும். அதைக் காய்ச்சினால் கருப்புக்கட்டி. பனையேறிகளுக்கு அதுவே சோறு.

முதலூரைத் தொடர்ந்து நாசரேத், மெஞ்ஞானபுரம் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. மெஞ்ஞானபுரத்தில் மிஷனரி ஜான் தாமஸ் கட்டிய பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். முதலூர் இன்று தேங்காய்ப் பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்கும் பெயர்பெற்றது.